டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., நுண்ணுயிரியல்)

என் தந்தையார் கைத்தறி நெசவாளர். நெய்து முடித்த சேலையை மடித்து எடுத்துக்கொண்டு அவர் கூலி வாங்கப் போகும்போது, சிறு வயதில் நானும் உடன் போவதுண்டு. அங்கே மேசையின்மேல் மடக்கி வைக்கும் சிறிய லென்சு ஒன்று இருக்கும். அதைச் சேலையின்மேல் நிறுத்தி, ஓர் அங்குலத்தில் எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணுவார்கள். இழை குறைந்தால் கூலியும் குறையும். எண்ணி முடிக்கும் வரையில் தந்தையார் வாய் திறக்க மாட்டார். அந்த லென்சின்மீது எனக்கு ஒருவகை அச்சமே இருந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரையில் தமிழ்வழியில் பயின்றவள். முதலாம் ஆண்டில் ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தபோது அந்தப் பழைய லென்சுதான் நினைவுக்கு வந்தது. வைக்கோல் ஊறிய நீரில் ஒரு துளியை எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். மங்கலான வெளிச்சமும், சில புள்ளிகளும், என் கண்ணிமை மயிருமே தெரிந்தன. ஒன்றும் தெரியவில்லை என்று சொல்ல நாணம். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் வேறு. விடுதியில் மூத்த மாணவி ஒருவரின் பழைய ரெக்கார்டு நோட்டை வாங்கி, அதைப் பார்த்துச் செருப்பு வடிவில் அழகானதொரு பாரமீசியத்தை வரைந்தேன். குறு இழைகளையும் சுருங்கும் நுண்குமிழிகளையும் அம்புக்குறியிட்டுக் காட்டினேன். கையொப்பமும் கிடைத்துவிட்டது. படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது நான் கண்டதன்று.

இந்தக் குற்றம் என் மனத்தை உறுத்தத் தொடங்கியது, சென்ற விடுமுறையில் ஒருவருடைய வாழ்க்கையைப் படித்த பிறகு. நாம் நுண்ணுயிரியல் பாடத்தின் முதல் பக்கத்தில் அவர் பெயரை இரண்டு வரியில் படித்துத் தேர்வில் இரண்டு மதிப்பெண் பெற்று மறந்துவிடுகிறோம். அவர் அத்துடன் விட்டுவிடத்தக்கவர் அல்லர் என்பது என் எண்ணம்.

ஆன்டனி வான் லீவன்ஹூக் 1632-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24-ஆம் நாள் நெதர்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் பிறந்தார். தந்தையார் கூடை முடையும் தொழிலாளி. தாயார் பீர் காய்ச்சும் தொழில் நடத்திய குடும்பத்தில் வந்தவர். ஐந்து வயதிலேயே ஆன்டனி தந்தையை இழந்தார். சில ஆண்டுகளில் தாயார் மறுமணம் செய்துகொண்டார். சிறுவன் வெளியூரில் ஒரு பள்ளிக்கு அனுப்பப்பட்டான். பிறகு உறவினர் ஒருவர் வீட்டில் வளர்ந்தான். பல்கலைக்கழகத்தின் படியை அவர் மிதித்ததே இல்லை. அந்நாளில் ஐரோப்பாவில் கற்றோர் எல்லாரும் இலத்தீனில் எழுதினர், இலத்தீனில் வாதிட்டனர். இலத்தீன் அறியாதவன் படிக்காதவன் என்றே எண்ணப்பட்டான். லீவன்ஹூக்குக்கு இலத்தீன் தெரியாது. டச்சு மொழி ஒன்றே தெரியும். அதுவும் கடைத்தெருவில் பேசும் டச்சு.

பதினாறாம் வயதில் ஆம்ஸ்டர்டாம் சென்று ஒரு துணிக்கடையில் தொழில் பழகினார், கணக்கும் எழுதினார். 1654-இல் டெல்ஃப்ட் திரும்பி, பார்பரா என்ற பெண்ணை மணந்து, சொந்தமாகத் துணிக்கடை வைத்தார். ஐந்து குழந்தைகள் பிறந்தன. மரியா என்ற ஒரு மகள் மட்டுமே பிழைத்தாள். 1666-இல் மனைவியும் இறந்தார். 1671-இல் மறுமணம் செய்துகொண்டார். மரியா திருமணம் செய்துகொள்ளாமல் இறுதி வரையில் தந்தையுடனேயே இருந்தார்.

கடை வருமானத்தோடு நகர மன்றத்தில் ஒரு வேலையும் 1660-இல் கிடைத்தது. அதிகாரிகள் கூடும் அறையைத் திறப்பது, பூட்டுவது, தூய்மையாக வைப்பது, குளிருக்குத் தீ மூட்டுவது ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நம் ஊர் வழக்கில் சொன்னால் அலுவலகக் காவலர். பின்னாளில் நில அளவையாளராகவும், மதுப் பீப்பாய்களின் கொள்ளளவைச் சரிபார்ப்பவராகவும் பதவி பெற்றார். அளப்பதும் எண்ணுவதும் அவருக்குப் பிழைப்பாகவே இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் கண்ணுக்குத் தெரியாதவற்றை அவர் அளந்தபோது அந்தப் பழக்கம் கைகொடுத்தது.

துணி வணிகர்கள் இழையின் தரம் காண லென்சு வைத்திருப்பது அந்நாட்டிலும் வழக்கம். அங்கிருந்துதான் அவருடைய ஆர்வம் தொடங்கியிருக்கும் என்று பலர் கருதுகின்றனர். 1665-இல் இலண்டனில் இராபர்ட் ஹூக் என்பவர் நுண்ணோக்கியில் கண்டவற்றைப் பெரிய படங்களுடன் நூலாக வெளியிட்டிருந்தார். தக்கைச் சீவலில் தெரிந்த சிறு சிறு அறைகளுக்கு செல் என்று பெயரிட்டவர் அவரே. ஆனால் அந்நாளைய கூட்டு நுண்ணோக்கிகளில் இரண்டு, மூன்று லென்சுகள் இருந்ததால் உருவம் மங்கி, ஓரங்களில் வண்ணம் படர்ந்து தெரிந்தது. லீவன்ஹூக் வேறு வழி கண்டார். ஒரே ஒரு லென்சு. கடுகு போன்ற சிறிய கண்ணாடி மணி. அதை இரண்டு பித்தளைத் தகடுகளுக்கிடையே துளையில் பொருத்தி, பின்புறம் ஓர் ஊசிமுனையில் பொருளை வைத்து, திருகாணியைத் திருகி அருகே கொண்டுவந்து, கருவியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே பார்க்க வேண்டும். கருவி முழுவதும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இத்தகைய கருவிகளை ஏறக்குறைய 500 எண்ணிக்கை அவர் தம் கையாலேயே செய்தார். சில பொருள்களைக் கருவியிலேயே ஒட்டி வைத்துவிட்டு, அடுத்த பொருளுக்கு அடுத்த கருவி செய்துகொண்டார்!

1673-இல் டெல்ஃப்ட் நகர மருத்துவர் ரெனியர் டி கிராஃப் இலண்டன் இராயல் சொசைட்டிக்கு இவரை அறிமுகப்படுத்தி எழுதினார். அதே ஆண்டில் டி கிராஃப் இளம் வயதிலேயே இறந்தார். ஆனால் அவர் திறந்துவிட்ட வாயில் அடைபடவில்லை. லீவன்ஹூக்கின் முதல் கடிதம் பூஞ்சணம், தேனீயின் கொடுக்கு, பேன் ஆகியவற்றைப் பற்றியது. அப்போது அவருக்கு வயது நாற்பது கடந்துவிட்டது. அன்று முதல் இறக்கும் வரையில், ஐம்பது ஆண்டுகள், அவர் அந்தச் சங்கத்துக்குக் கடிதங்கள் எழுதினார். நூல் எழுதும் முறை அவர் அறியார். கண்டதைக் கண்டபடி, அண்டை வீட்டாருக்குச் சொல்வதுபோல் டச்சு மொழியில் எழுதினார். இலண்டனில் இருந்தவர்கள் மொழிபெயர்த்துக்கொண்டனர்.

1674-ஆம் ஆண்டுக் கோடையில் டெல்ஃப்டுக்கு அருகிலிருந்த ஏரி ஒன்றில் நீர் பச்சையாகக் கலங்கியிருந்தது. பனி விழுவதால் அவ்வாறு ஆகிறது என்று ஊரார் நம்பினர். அவர் ஒரு குப்பியில் நீரை எடுத்து வந்து மறுநாள் பார்த்தார். திருகிச் சுற்றிய பச்சை நாடாக்கள் தெரிந்தன. நாம் ஸ்பைரோகைரா என்று படிப்பது அதுவே. அவற்றினிடையே பல நிறங்களில் சின்னஞ்சிறு உயிர்கள் மேலும் கீழும் ஓடித் திரிந்தன. ஒரு செல் உயிரிகளை மனிதன் கண்டு எழுதியது அதுவே முதன்முறை எனலாம்.

ஆயினும் பாக்டீரியாவை அவர் கண்ட கதையே எனக்கு மிகவும் பிடித்தது. அது மிளகில் தொடங்குகிறது. அந்நாளில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் மலபார்க் கரையிலிருந்தும் கிழக்குத் தீவுகளிலிருந்தும் மிளகைக் கொண்டுபோய்க் குவித்தன. அந்தக் கம்பெனியின் ஆறு கிளைகளில் ஒன்று டெல்ஃப்டிலேயே இருந்தது. மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்பது லீவன்ஹூக்கின் கேள்வி. பொருளின் துகள் எந்த வடிவமோ அதற்கேற்பவே சுவை என்று அக்காலத்தார் பலர் எண்ணினர். ஆகவே மிளகில் கூர்மையான முட்கள் இருக்க வேண்டும், அவையே நாவைக் குத்துகின்றன என்பது அவருடைய ஊகம். முள்ளைத் தேடுவதற்காக மிளகை நீரில் ஊறப் போட்டார். நீர் வற்ற வற்ற, உருக்கிய பனிநீரை ஊற்றினார். மூன்று வாரம் போல் கழிந்தது. 1676-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் ஒரு துளியைக் கண்ணருகே பிடித்தார். முள் எதுவும் இல்லை. அதற்குப் பதில், அதுவரை தாம் கண்டவற்றிலெல்லாம் மிகச் சிறியனவாக, எண்ணற்ற உயிர்கள் அசைந்துகொண்டிருந்தன.

காரத்துக்குக் காரணம் முள்ளன்று, பிப்பரீன் என்னும் வேதிப்பொருள் என்பது 1819-இல் தெரிய வந்தது. அவர் தேடியது கிடைக்கவில்லை, தேடாதது கிடைத்தது. ஆனால் கிடைக்காததையும் அவர் மறைக்கவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். ஊகம் என்ன, எந்த நாளில் எந்த நீரை ஊற்றினார், எந்த நாளில் ஒன்றும் தெரியவில்லை, எந்த நாளில் தெரிந்தது என்று வரிசையாக எழுதினார். மைக்ரான் என்னும் அளவு அன்று இல்லை. அவர் மணலை அளவுகோலாகக் கொண்டார். அவ்வுயிர்கள் நூற்றை வரிசையாகக் கிடத்தினாலும் ஒரு பருமணலின் நீளத்துக்கு வாரா என்று கணக்கிட்டார். பேனின் கண், மயிரின் தடிமன், மணல் இவையே அவருக்கு மில்லிமீட்டர்.

அந்த ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாளிட்ட நீண்ட கடிதத்தில் இவற்றையெல்லாம் எழுதி இலண்டனுக்கு அனுப்பினார். அங்கே எளிதில் நம்பினார்களா? இல்லை. ஒரு துளி நீரில் இலட்சக்கணக்கான உயிர்கள் என்றால் யார்தான் நம்புவர்! எழுதியவரோ துணி வணிகர். செய்முறையைச் சொல்லுமாறு கேட்டால் லென்சின் இரகசியத்தையும் சொல்ல மறுத்தார். லீவன்ஹூக் சினங்கொள்ளவில்லை. தம் வீட்டுக்குச் சமயப் போதகர் முதலிய ஊர்ப் பெரியவர்களை அழைத்து, அவர்கள் கண்ணாலேயே காணச் செய்து, எட்டுப் பேரிடம் எழுத்துச் சான்று வாங்கி அனுப்பினார். இலண்டனில் ஹூக் தாமே மிளகை ஊற வைத்துப் பார்த்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. நுண்ணோக்கியைத் திருத்தினார். 1677 நவம்பர் 15-ஆம் நாள் சங்கத்து உறுப்பினர்கள் கூடியிருந்த அவையில் அவ்வுயிர்கள் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தன. 1680-இல் லீவன்ஹூக் அச்சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கூட்டம் எதற்கும் அவர் போனதில்லை.

இதைப் படித்தபின் நானும் மிளகு வாங்கினேன். பத்து மிளகை ஒரு பாட்டிலில் போட்டு, கொதித்து ஆறிய நீர் ஊற்றி, விடுதிச் சன்னலில் வைத்தேன். அறைத்தோழிகள் ரசம் எப்போது என்று கேட்டுச் சிரித்தார்கள். இரண்டு வாரத்தில் நாற்றம் தாங்காமல் பாட்டில் வெளியே கொண்டுபோய் வைக்கப்பட்டது. மூன்றாம் வாரம் பேராசிரியையிடம் இசைவு பெற்று ஆய்வகத்தில் பார்த்தேன். முதல் ஸ்லைடில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் காற்றுக் குமிழி. மூன்றாவதில் புள்ளிகள் நடுங்கின. அவ்வளவும் உயிர் என்று துள்ளிவிட்டேன். பேராசிரியை அருகே வந்து பார்த்து, நீர் மூலக்கூறுகள் மோதுவதால் உயிரற்ற தூசும் நின்ற இடத்தில் இப்படி நடுங்கும், இடம் விட்டு இடம் போகிறதா என்று பார் என்றார். மேலும் அரைமணி நேரம் கண்ணை எடுக்காமல் இருந்தேன். அப்போது சிறு கோல் ஒன்று நடுங்கும் புள்ளிகளின் கூட்டத்தை ஊடறுத்து, நேரே சென்று, நின்று, திரும்பி மீண்டும் போயிற்று. பிறகு மற்றொன்று.

அன்று என் பழைய பாரமீசியத்தின் உண்மையைப் பேராசிரியையிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டா, புதிய பக்கத்தில் நாளைக் குறித்து இன்று கண்டதை மட்டும் வரை என்றார். வரைந்தேன். ஒரு வட்டம், அதற்குள் சில புள்ளிகள், நான்கு கோல்கள். பார்க்க அழகாக இல்லை. எது நடுங்கியது, எது நகர்ந்தது என்று கீழே தமிழில் எழுதினேன். பிறகு ஆங்கிலத்தில் எழுதினேன்.

லீவன்ஹூக்குக்குப் படம் வரையவும் வராது. அதற்கென ஓவியரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். தாம் காணாத ஒன்று படத்தில் வந்துவிடக் கூடாது என்பதில் கருத்தாக இருந்தார்.

1683 செப்டம்பர் 17-ஆம் நாளிட்ட கடிதம் நம் எல்லாரையும் பற்றியது. அவர் நாள்தோறும் உப்பால் பல் தேய்ப்பவர். பற்கள் தூய்மையாகவே இருந்தன. ஆயினும் பல்லிடுக்கில் மாவு போன்ற வெண்பொருள் சிறிது தங்கியிருந்தது. அதை மழைநீரில் கலந்து பார்த்தார். கோல் வடிவிலும் வளைந்தும் உயிர்கள் துள்ளின. தம்முடையதோடு விடவில்லை, பெண்களுடைய பல்லழுக்கையும், வாழ்நாளில் ஒரு நாளும் பல் துலக்காத முதியவர் ஒருவருடைய பல்லழுக்கையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். நெதர்லாந்தின் மக்கள்தொகையைவிடத் தம் ஒரு வாயில் வாழும் உயிர்கள் மிகுதி என்று முடிவு கட்டினார். காடி அவற்றைக் கொல்லும் என்று கண்டார். சூடான காப்பி குடித்தபின் முன்பற்களில் அவை உயிரோடு இல்லை என்பதையும் பின்னொரு கடிதத்தில் குறித்தார். அக்கடிதத்துப் படங்களைப் பாடநூலில் உள்ள பாக்டீரியா வடிவங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது எதுவென்று நம்மாலேயே பெயர் சொல்ல முடியும்.

இரத்தச் சிவப்பணு, விந்தணு, தவளைக்குஞ்சின் வாலில் ஓடும் நுண்குழாய் இரத்தம், காய்ந்து கிடந்து நீர் பட்டதும் பிழைத்தெழும் சக்கர உயிரிகள் என்று அவர் கண்டவற்றைச் சொல்லப் புகுந்தால் இம்மலரின் பக்கம் போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1680-இல் பீரில் கிடந்த ஈஸ்ட்டைப் பார்த்தார். சிறு உருண்டைகள் தெரிந்தன. அவை அசையவில்லை, ஆதலால் உயிர் என்று அவர் கருதவில்லை. அசைவதே உயிர் என்பது அவருடைய அளவுகோல். பீர் காய்ச்சும் குடும்பத்துப் பெண்ணின் மகன், பீரைப் பீராக்கும் உயிரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டும் அறியாமல் போனார்! அவ்வுருண்டைகள் உயிருள்ளவை, சர்க்கரையை மதுவாக்குவது அவற்றின் வேலை என்பதை 1850-களின் பிற்பகுதியிலிருந்து பாஸ்டர் நிலைநாட்டினார். 1897-இல் எட்வர்ட் பூக்னர் ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்து, செல்லே இல்லாத சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்யும் என்று காட்டினார். உயிரின் செயல் என்று நினைத்தது நொதிகளின் வேதிவினை என்று தெரிந்தது. கிளைக்காலிசிஸ் என்று நாம் பத்துப் படிகளாக மனப்பாடம் செய்கிறோமே, அதன் தொடக்கம் இதுவே. கண்ணால் காண்பதற்கும் எல்லை உண்டு. உருண்டைக்குள் நடப்பதைக் காட்ட எந்த லென்சாலும் அன்று முடிந்திருக்காது.

அவர் அறியாமலே செய்த நற்செயலும் உண்டு. அதே 1680-இல் மிளகுப்பொடியும் நீரும் இட்ட இரண்டு கண்ணாடிக் குழாய்களில் ஒன்றைத் திறந்தும் மற்றொன்றை உருக்கி அடைத்தும் வைத்தார். அடைத்த குழாயில் உயிர் இராது என்றே எதிர்பார்த்தார். சில நாளில் அதிலும் உயிர்கள் இருந்தன. வியந்து, வியந்ததையும் எழுதி வைத்தார். அவர் ஊரிலேயே பணியாற்றிய பெயரிங்க் என்னும் அறிஞர் 1913-இல் அச்சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தார். அவை உயிர்வளியின்றி வாழும் பாக்டீரியாக்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஒருவர் திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்குத் தெளிவாக அந்தக் கடிதம் இருந்தது.

அவரிடம் குறை இல்லையா? உண்டு. லென்சு செய்யும் முறையையும், மிக நுண்ணியவற்றைப் பார்க்கும் முறையையும் எவருக்கும் கற்பிக்கவில்லை. மாணவர் என்று ஒருவரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. 1698-இல் உருசியப் பேரரசர் பீட்டர் டெல்ஃப்டுக்கு வந்தபோது இவரை அழைத்து நுண்ணோக்கியில் கண்டு மகிழ்ந்தார். அத்தகையோருக்கும் தம் மிகச் சிறந்த கருவிகளை அவர் காட்டுவதில்லை. இதனால் அவருக்குப் பின் பாக்டீரியா ஆய்வு நூறாண்டுக்கு மேல் ஏறக்குறைய உறங்கிவிட்டது. தனியாகவே கற்றவர் தனியாகவே வைத்துக்கொண்டார். கற்பிப்பார் இல்லாமல் வளர்ந்தவருக்குக் கற்பிக்கும் பழக்கம் வரவில்லை போலும். நான் அவரை மிகவும் போற்றுகிறேன். இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கற்றுத் தருவோர் இல்லையென்றால் என் போன்றோர் எங்கே போவோம்?

தொண்ணூறு வயதிலும் அவர் ஓயவில்லை. நெஞ்சுக்குக் கீழே துடிக்கும் ஒரு நோய் வந்தது. மருத்துவர்கள் இதயம் என்றனர். அவர் உதரவிதானம் என்று கருதி, அந்நோயின் போக்கையே கடிதமாக எழுதினார். இன்றும் அந்நோய் அவர் பெயராலும் வழங்குகிறது. படுக்கையில் கிடந்தபோது, கடைசியாக இருந்த இரண்டு கடிதங்களை இலத்தீனில் பெயர்த்து இலண்டனுக்கு அனுப்புமாறு நண்பர் ஒருவரை வேண்டிக்கொண்டார். 1723 ஆகஸ்ட் 26-ஆம் நாள் காலமானார். டெல்ஃப்டின் பழைய தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் விரும்பியபடி மகள் மரியா 26 வெள்ளி நுண்ணோக்கிகள் அடங்கிய பேழையை இராயல் சொசைட்டிக்கு அனுப்பி வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பேழை காணாமல் போயிற்று. 500 கருவிகளில் இன்று எஞ்சியிருப்பவை ஒரு டஜன் அளவே. அவற்றுள் மிகவும் ஆற்றல் மிக்கது உட்ரெக்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ளது. 266 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். கருவியைப் பிரித்தால் கெட்டுவிடும் என்பதால் அதனுள் இருக்கும் லென்சு எப்படிச் செய்யப்பட்டது என்று முந்நூறு ஆண்டுகளாக யாருக்கும் தெரியாமலே இருந்தது. 2021-இல் டச்சு ஆய்வாளர்கள் நியூட்ரான் கதிர்களைச் செலுத்தி, பிரிக்காமலே உள்ளே பார்த்தனர். ஆற்றல் குறைந்த மற்றொரு கருவியில் இருந்தது தேய்த்துச் செய்த லென்சு. உட்ரெக்ட் கருவியில் இருந்ததோ கண்ணாடி இழையைத் தீயில் உருக்கித் திரட்டிய மணி. அந்த முறை 1665-இல் ஹூக் தம் நூலின் முன்னுரையில் யாவரும் அறிய அச்சிட்டிருந்த முறைதான்.